போன் அடிச்சா நெட் அவுட்!

ராத்திரி மணி 11:40. அசைன்மென்ட்டை 12 மணிக்குள்ள அப்லோடு பண்ணியாகணும். நீங்க ரொம்ப நல்ல பிள்ளை... 11:35 வரைக்கும் அடிச்சுத் துவைச்சு டைப் பண்ணி, ஒரு வழியா முடிச்சு, 'சப்மிட்' பட்டனை அமுக்குறீங்க. ஸ்க்ரீன் நடுவுல ஒரு வட்டம் சுத்துது. சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில 'இணைப்பு இல்லை'ன்னு வந்து நிக்குது.

இப்போ உண்மையைச் சொல்லுங்க பாஸ். அந்த நிமிஷத்துல முதல்ல என்ன செய்வீங்க? வயரைப் பார்ப்பீங்களா, மோடத்தைப் பார்ப்பீங்களா? கிடையவே கிடையாது. வீட்ல யார் கையில போன் இருக்குன்னு பார்ப்பீங்க. "யாரு படம் பார்க்கிறது? ஆஃப் பண்ணுங்க!"ன்னு ஒரு கத்து கத்துவீங்க. பாவம், ஹால்ல உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கிட்டு இருந்த ஆளு ஒண்ணும் புரியாம முழிக்கும்.

நானும் அப்படிக் கத்தினவன்தாங்க. ஒரு தடவை இல்ல, மாசக்கணக்கா. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கூடவே, நெட் புட்டுக்கிச்சுன்னா எங்கே ஆரம்பிச்சு எங்கே தேடணும்கிற வித்தையும் வரும். அதை நான் கத்துக்கிட்டதே அந்தக் கத்தலாலதான்.

ஆறு மணி நேர சினிமா

2007 தீபாவளி. நான் பாளையங்கோட்டையில பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம். அதுவரைக்கும் நமக்கு நெட்டுன்னா தெருமுனை பிரவுசிங் சென்டர்தான். திரைச்சீலை போட்ட கேபின், 'கே' எழுத்து அழிஞ்சுபோன கீபோர்டு, ஒரு மணி நேரம் முடியறதுக்கு 5 நிமிஷம் முன்னாடியே கதவைத் தட்டுற ஓனர்... எல்லாம் பழகிப்போச்சு.

இந்தியாவில பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அது எங்க வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வர 12 வருஷம் ஆச்சு. லேண்ட்லைன் போன் வயர் வழியாவே பிராட்பேண்ட். வேகம் 256 கேபிபிஎஸ். சிரிக்காதீங்க! 2004-ல் மத்திய அரசு போட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி, குறைஞ்சது 256 இருந்தா அது பிராட்பேண்ட்தான். 2013-ல் அதை 512 ஆக்கினாங்க. 2 எம்பிபிஎஸ் இருந்தாத்தான் பிராட்பேண்ட்னு மாத்தினது 2023 ஜனவரியில!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இது இன்னிக்கும் உங்களுக்கு உதவும். நெட் கம்பெனிக்காரங்க வேகத்தைச் சொல்றது 'பிட்'ல. நாம டவுன்லோடு பண்ற ஃபைலோட சைஸ் இருக்கிறது 'பைட்'ல. 8 பிட் சேர்ந்தாத்தான் 1 பைட். அதனால 256 கிலோபிட் வேகம்னா, நொடிக்கு 32 கிலோபைட்தான் வந்து விழும். எங்க பிளான்ல ராத்திரி 2 மணியிலேர்ந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. ஒரு சி.டி. அளவு படம் 700 எம்.பி. அதை நொடிக்கு 32 கிலோபைட் வீதம் இறக்க 6 மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட ஆகும். அதாவது, சரியா கிளைமாக்ஸ் வரும்போது இலவச நேரம் முடிஞ்சிடும்! அதுக்குள்ள லைன் கட்டாகாம இருந்தா அது சாமி புண்ணியம்.

உங்க வீட்ல 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன்னு சொல்றாங்களா? 8-ஆல் வகுத்துப் பாருங்க. 12.5 எம்.பி.தான் ஒரு நொடிக்கு உச்சம். "100 சொன்னாங்க, 12-தான் வருது, ஏமாத்துறாங்க"ன்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வகுத்தலைப் போட்டுடுங்க. நான் அப்படிச் சண்டைக்குப் போய் பல்பு வாங்கின ஆளு.

கடலுக்குள்ள ரிப்பேர், கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன்

கனெக்‌ஷன் வந்து மூணு மாசம்கூட ஆகல. 2008 ஜனவரி கடைசி. திடீர்னு வெளிநாட்டு சைட் எதுவுமே திறக்கல. மெயில் பாக்ஸைத் திறந்துட்டுப் போய்க் குளிச்சிட்டு வந்தா, பாதிதான் வந்திருக்கும்.

நான்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆச்சே! தெருவுல யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. அந்தக் கெத்துல, "வைரஸ்தான், சந்தேகமே இல்ல"ன்னு தீர்ப்பு சொன்னேன். ஆன்டி-வைரஸை மாத்தினேன். பிரவுசரைத் தூக்கிட்டு வேற போட்டேன். மோடத்தை ரீசெட் பண்ணினேன். எதுவும் நடக்கல. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்... ஃபார்மட்! விடிய விடிய உட்கார்ந்து விண்டோஸை மறுபடியும் போட்டு, டிரைவர் சி.டி. தேடி அலைஞ்சு, காலையில நெட்டைத் திறந்தா... அதே ஆமை. ரெக்கார்டுக்காக எழுதி வெச்சிருந்த 14 புரோகிராம் போனதுதான் மிச்சம்.

மறுநாள் பேப்பர்ல செய்தி. ஜனவரி 30-ம் தேதி எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கத்துல, மத்தியதரைக் கடலுக்கு அடியில போற ரெண்டு இன்டர்நெட் கேபிள் சேதமாகிடுச்சு. ஐரோப்பா பக்கம் போற நம்ம நாட்டு டிராஃபிக்கே திணறிப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு துபாய் பக்கம் இன்னொரு கேபிளும் போச்சு. அதைத் தூக்கிப் பார்த்தப்போ, யாரோ கைவிட்ட, 5 டன்னுக்கு மேல இருக்குற கப்பல் நங்கூரம்தான் காரணம்னு தெரிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க. கோளாறு கிடந்தது கடலுக்கு அடியில. நான் ஆபரேஷன் பண்ணினது பாளையங்கோட்டையில எங்க வீட்டு ஹால்ல!

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி தோணியிருந்தா போதும்: 'எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?' பக்கத்துத் தெரு ஃப்ரெண்டுக்கு ஒரு போன் போட்டிருந்தா 14 புரோகிராமும் பிழைச்சிருக்கும். ஆனா தெருவுக்கே டெக்னிக்கல் டைரக்டரா இருக்கிற ஆளு, இன்னொருத்தன்கிட்ட போய்க் கேட்பானா?

அடுப்படி போன்

அந்த வருஷம் கோடை லீவுல வீட்டுக்கு ஒரு உபகாரம் பண்ணினேன். போன் இருந்தது ஹால்ல. அம்மா இருக்கிறது முக்கால்வாசி நேரம் அடுப்படியில. முழங்கால் வலியோட ஒவ்வொரு ரிங்குக்கும் ஓடி வரணும். அதனால பரண்ல கிடந்த பழைய போன் ஒண்ணை எடுத்து, சுவர்ல போன் வயர் வந்து இறங்குற ரோசட் பாக்ஸ்லேர்ந்து ஒரு வயரை இழுத்து, அடுப்படியில ஒரு பேரலல் கனெக்‌ஷன் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எம் புள்ள இன்ஜினீயருல்லா!"ன்னு பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட பெருமை வேற. (நான் படிச்சது பி.எஸ்சி.ன்னு எத்தனை தடவை சொன்னாலும் அம்மா கேட்க மாட்டாங்க.)

ஆகஸ்ட்ல ஒரு நல்ல செய்தி. கல்யாணமாகி மஸ்கட் போயிருந்த அக்கா உண்டாகியிருந்தா. மச்சான் வேலைக்குப் போயிட்டா தனியா இருக்கணும், வாந்தி, பயம்... தினமும் நம்ம ஊர் நேரம் ராத்திரி 8 மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணிடுவா. எனக்கும் அதே 8 மணிதான் நெட் நேரம். அங்கேதான் பிரச்சனை ஆரம்பிச்சுது.

போன் அடிக்கும்... நெட் போகும். அம்மா எடுத்துப் பேசுவாங்க... நெட் வரும், மறுபடி போகும். வெச்சப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா சரியாகும். மோடத்துல 'டிஎஸ்எல்'னு எழுதின பச்சை விளக்கு பேச்சு முடியற வரைக்கும் மினுக் மினுக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

எனக்கு இதுல சந்தேகமே வரல. ஏன்னா, ஃப்ரெண்டு வீட்ல பழைய டயல்-அப் பார்த்திருக்கேன். அதுல நெட்ல இருந்தா போன் பேச முடியாது, போன் பேசினா நெட் கிடையாது. 'இதுவும் அதே வயர்தானே, அப்படித்தான் இருக்கும்'னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். போனும் நெட்டும் ஒரே நேரத்துல ஓடுறதுதான் பிராட்பேண்டோட ஸ்பெஷாலிட்டின்னு மோடம் பெட்டிக்குள்ள இருந்த சின்னப் புத்தகத்துல எழுதியிருந்துச்சு. நாம எங்கே அதையெல்லாம் படிக்கிறது?

நவம்பர்ல ஒரு நாள். நல்ல மழை. ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண அன்னிக்குத்தான் கடைசி நாள். வழக்கம்போல கடைசி நாள்லதான் உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஃபார்ம். மூணு பக்கம் முடிச்சு நாலாவதுல மார்க் ஷீட் ஸ்கேன் காப்பியை ஏத்திக்கிட்டு இருக்கேன். 90 சதவீதம்... போன் அடிச்சுது. நெட் அவுட். எல்லாம் முதல்லேர்ந்து!

நேரா அடுப்படிக்குப் போனேன். அம்மா ரிசீவரைக் காதுல வெச்சிருக்கும்போதே கத்தினேன்.

"தெனமும் அப்படி என்னதாம்மா பேசுவே? உலகத்துல அவ ஒருத்திதான் பிள்ளை பெத்துக்கப் போறாளா? உன்னாலதான் எல்லாம் போச்சு!"

அம்மா ஒண்ணும் சொல்லல. ரிசீவரை மெதுவா வெச்சிட்டாங்க. நான் மழையில நனைஞ்சுக்கிட்டே சைக்கிளை மிதிச்சு பிரவுசிங் சென்டர் போய், ராத்திரி 10 மணிக்கு அப்ளிகேஷனை அனுப்பிட்டேன். ஜெயிச்சாச்சு! வீட்டுக்கு வந்தப்போ அம்மா சாப்பாடு எடுத்து வெச்சிட்டுப் படுத்திருந்தாங்க.

அதுக்கப்புறம் ஒரு அதிசயம் நடந்துச்சு. நெட் கட்டாகிறது ரொம்பக் குறைஞ்சு போச்சு. 8 மணிக்கு ஒரே ஒரு தடவை விளக்கு மினுக்கும், சட்டுனு சரியாகிடும். 'லைனைச் சரி பண்ணிட்டாங்க போல'ன்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்காவோட மெயில்

டிசம்பர் முதல் வாரம் அக்காகிட்டேர்ந்து ஒரு மெயில். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தா. சாதாரணமா அக்கா மெயில் எல்லாம் அனுப்ப மாட்டா.

'அம்மாவுக்கு என் மேல ஏதும் கோவமாடா? நான் போன் பண்ணினா, நல்லாருக்கியா, மாத்திரை போட்டியான்னு கேட்டுட்டு ஒரு நிமிஷத்துல வெச்சிடறாங்க. ஏன்னு கேட்டா, தம்பி படிக்கிறான், அவனுக்கு இடைஞ்சலா இருக்கும்னு சொல்றாங்க. நீ படிக்கிறதுக்கும் நான் பேசறதுக்கும் என்னடா சம்பந்தம்?'

அக்கா பேச முடியாம போன நேரத்துல மிச்சம் பிடிச்ச நெட்லதான் அந்த மெயிலை நான் படிச்சேன்.

அதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. எழுதல. மறுநாள் காலையில முதல் வேலையா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடையைக் கட்டினேன்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

ரெண்டு நாள் கழிச்சு லைன்மேன் அண்ணாச்சி வந்தார். சைக்கிள், தோள்ல பை, பையில கிளிப் மாட்டின டெஸ்ட் போன். நான் எங்க காலேஜ்ல படிச்ச டிசிபி/ஐபியை எல்லாம் எடுத்து விட ஆரம்பிச்சேன். அவர் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, வீட்ல மொத்தம் எத்தனை போன்?"

"ரெண்டு அண்ணாச்சி. அடுப்படியில ஒண்ணு நானே போட்டேன்" - இதுல ஒரு பெருமை வேற.

அவர் ஒண்ணும் சொல்லல. தன் செல்போன்லேர்ந்து எங்க வீட்டு நம்பருக்கு அடிச்சார். டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பிச்சுது. அடுப்படிக்குப் போய் போன் வயரைப் பிடுங்கினார். மறுபடி அடிச்சார். ஹால் போன் அலறுது... விளக்கு அசையல. எடுத்துப் பேசினார். அசையல. மறுபடி அடுப்படி போனை மாட்டி அடிச்சார். மினுக் மினுக்.

"இந்த ஒயரை எங்கருந்து இழுத்தே?"

ரோசட் பாக்ஸைக் காட்டினேன். அவர் சிரிச்சார்.

விஷயம் இதுதான். ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில ரெண்டு குடித்தனம். கீழ்ப் போர்ஷன்ல பேச்சு. அதுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போதும். மாடிப் போர்ஷன்ல நெட். அது சுமார் 25 கிலோஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 1,100 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். ரெண்டு பேரும் ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேட்காம இருக்கத்தான் நடுவுல 'ஸ்ப்ளிட்டர்'னு ஒரு சின்ன டப்பா. அதுல மூணு ஓட்டை: லைன், போன், மோடம். ஹால் போன் அந்த டப்பாவுக்கு அப்புறம் இருந்துச்சு. நான் இழுத்த அடுப்படி போனோ, டப்பாவுக்கு முன்னாடியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மணி அடிக்கும்போது அந்த வயர்ல 75 வோல்ட்டை ஒட்டி மின்சாரம் ஓடும். தடுப்பு இல்லாத போன் அடிச்சாலும், அதை எடுத்தாலும், வெச்சாலும் அந்தக் கலவரம் முழுக்க நேரா மாடிக்கு!

அண்ணாச்சி அந்த வயரைக் கழட்டி, ஸ்ப்ளிட்டரோட 'போன்' பக்கத்துல கொண்டு வந்து சேர்த்தார். ஆன நேரம் 5 நிமிஷம். ஆன செலவு 0 ரூபாய். ஒரு டீகூட வேண்டாம்னுட்டுக் கிளம்பிட்டார்.

வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்த அம்மா கேட்டாங்க:

"அப்போ... இனிமே பேசலாமால?"

மன்னிப்பு கேட்கணும்னுதான் நினைச்சேன். 20 வயசுல அந்த வார்த்தை வாயில வராது பாருங்க. உள்ளே போய் அக்காவுக்கு மெயில் அடிச்சேன். 'இன்னிக்கு 8 மணிக்குப் போன் பண்ணு. வைக்காதே.'

8 மணிக்குப் போன் அடிச்சுது. அம்மா அடுப்படியில எடுத்தாங்க. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, எந்த சைட்டையும் திறக்காம, அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கிட்டு இருந்தேன். 40 நிமிஷம். ஒரு தடவைகூட மினுக்கல.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

உங்க வீட்ல இப்போ லேண்ட்லைனே இருக்காது. ஃபைபர், வைஃபைன்னு எல்லாம் மாறிடுச்சு. ஆனா அண்ணாச்சி பண்ணின வேலையோட சூத்திரம் மாறல. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும். பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு தூரத்துக்குப் போகணும். மூணு விஷயத்தை ஒண்ணா மாத்தி நெட் வந்துட்டா, எதனால வந்துச்சுன்னு தெரியாது. அடுத்த தடவை போனா மறுபடியும் முழிக்கணும்.

முதல் கேள்வி: எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? கம்ப்யூட்டர்ல வரலைன்னா, அதே வைஃபைல இருக்கிற செல்போன்ல பாருங்க. அங்கே வந்தா கோளாறு கம்ப்யூட்டர்ல. ஒரே ஒரு சைட் மட்டும் வரலையா? கோளாறு அந்த சைட்டோடது. ரிசல்ட் வர்ற அன்னிக்கு உங்க மோடத்தைத் திட்டாதீங்க.

ரெண்டாவது, விளக்கு. ஃபைபர் டப்பாவுல 'பான்'னு ஒரு விளக்கு அசையாம பச்சையா எரியணும். 'லாஸ்'னு இருக்கிறது சிவப்பா எரிஞ்சா, வெளியிலேர்ந்து வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். ஃபைபர் எங்கேயாவது அறுந்திருக்கலாம், சோபா காலுக்கு அடியில நசுங்கியிருக்கலாம். செம்புக் கம்பி மாதிரி அதை மடிச்சுக் கட்டக் கூடாது. கழட்டி முனையைக் கண்ணுல வெச்சுப் பார்க்கிற வேலையும் வேண்டாம். அதுல வர்றது கண்ணுக்குத் தெரியாத லேசர். விளக்கு சிவப்புன்னா நீங்க விண்டோஸை என்ன பண்ணினாலும் பிரயோஜனமில்ல. நேரா புகார்தான்.

மூணாவது, வைஃபையா, லைனா? ஒரு லேன் கேபிள் எடுத்து கம்ப்யூட்டரை நேரா டப்பாவுல சொருகுங்க. கேபிள்ல பறக்குது, வைஃபைல இழுக்குதுன்னா உங்க லைன் மேல தப்பே இல்ல. ரூட்டரை பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருப்பீங்க, வெளியே எடுத்து உயரமா வைங்க. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் போகுதா? அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசைக்காரங்க. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திக்கோங்க. ஆனா அதுக்கு எட்டுற தூரம் கம்மி, ரெண்டு சுவர் தாண்டினா சோர்ந்து போயிடும். அபார்ட்மென்ட்ல 2.4-ஐ விட முடியலைன்னா 1, 6, 11 - இந்த மூணு சேனல்ல கூட்டம் கம்மியா இருக்கிறதைப் பிடிங்க. இந்த மூணுதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது.

நாலாவது, பிங். 1983 டிசம்பர்ல மைக் மூஸ்னு ஒரு அமெரிக்கர், ஒரு சாயங்காலத்துல எழுதி முடிச்ச குட்டி புரோகிராம். நீர்மூழ்கிக் கப்பல்ல 'சோனார்' கருவி போடுற சத்தத்தைத்தான் அதுக்குப் பேரா வெச்சார். ஒரு கல்லை விட்டெறிஞ்சு, அங்கே ஆள் இருக்கான்னு பார்க்கிற வேலை. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து மூணு கல் எறியுங்க. முதல்ல உங்க ரூட்டர், பெரும்பாலும் 192.168.1.1 இல்லைன்னா 192.168.0.1. பதில் வரலையா? கோளாறு வீட்டுக்குள்ள. ரெண்டாவது 8.8.8.8. ரூட்டர் பதில் சொல்லி, இது சொல்லலைன்னா கோளாறு வீட்டுக்கு வெளியே. மூணாவது, ஏதாவது ஒரு பெரிய சைட்டோட பேர். நம்பருக்குப் பதில் வந்து, பேருக்கு வரலைன்னா, பேரை நம்பரா மாத்துற டிஎன்எஸ் படுத்திருக்கு. போன் வேலை செய்யுது, டைரக்டரிதான் தொலைஞ்சிருக்கு! செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் இடத்துல 8.8.8.8 இல்லைன்னா 1.1.1.1 போட்டுப் பாருங்க.

உங்க கம்ப்யூட்டரோட ஐபி 169.254-ன்னு ஆரம்பிக்குதா? ரூட்டர் அதுக்கு நம்பரே கொடுக்கல, அதுவா ஒரு நம்பரை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். ரூட்டரை அணைச்சு, 30 நொடி பொறுத்து, போடுங்க.

அஞ்சாவது, கடிகாரம். இது நிறைய பேரைச் சுத்தல்ல விடுற கேஸ். பழைய டெஸ்க்டாப்புல எந்த சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு பயமுறுத்துதா? கீழே வலது மூலையில தேதியைப் பாருங்க. பத்து வருஷம் பின்னாடி போயிருக்கும். மதர்போர்டுல இருக்கிற ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி தீர்ந்துடுச்சு. சைட்டோட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லைன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்குது. அதுக்கு சிஆர்2032-ன்னு ஒரு பேட்டரி போதும். நாம அதுக்கும் ஃபார்மட் பண்ணக் கிளம்பிடுவோம்!

இத்தனையும் பார்த்தாச்சா? இப்போ புகார் கொடுங்க. 'நெட் சரியில்ல'ன்னு மொட்டையா சொல்லாதீங்க. 'மூணு நாளா ராத்திரி 9 மணிக்குப் போகுது, கேபிள்லயும் போகுது, ரூட்டர் பதில் சொல்லுது, வெளியே போகல'ன்னு சொல்லிப் பாருங்க. எதிர்முனையில இருக்கிறவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிடும். அதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல நேரத்தைக் குறிச்சு வெச்சாலே போதும். நானும் 2008-ல் அப்படிக் குறிச்சு வெச்சிருந்தா, அடுப்படி போன் போட்டதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சுதுன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும். எனக்கு முன்னாடி இருந்தது ரெண்டு சந்தேகம்: ஒண்ணு நான் இழுத்த வயர், இன்னொண்ணு அம்மா. எதை முதல்ல சோதிச்சேன்னு நீங்களே பார்த்தீங்க.

இன்னிக்கு நான் சென்னையில இருக்கேன். அம்மா அதே பாளையங்கோட்டை வீட்ல. ஹால்ல ஃபைபர் டப்பா. அன்னிக்கு அக்கா வயித்துல இருந்தவ இப்போ உங்க வயசை நெருங்கிட்டா. ராத்திரி 8 மணி ஆனா ஆச்சிக்கும் பேத்திக்கும் வீடியோ கால்தான். போன வாரம் எனக்கு அம்மாகிட்டேர்ந்து போன்.

"ஏல, நெட்டு போச்சு. லாஸ் வெளக்கு செவப்பா எரியுது. சோபாவை நகட்டிப் பார்த்துட்டேன், ஒயரு நசுங்கல. பக்கத்து வீட்லயும் இல்லியாம். கம்பெனிக்குச் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா சொன்னேன்."

தெருவோட டெக்னிக்கல் டைரக்டர் போஸ்ட் கைமாறிடுச்சு மக்களே!